முளைக்கும் முன்பே தடுக்கும் களைக்கொல்லிகள்: சிங்கப்பூர்ப் புல்தரைக்கு எது தேறும், எது தேறாது

புல்தரைக்கான களைத்தடுப்பு மருந்துப் பைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. "குளிர் விலகி மண் 13 டிகிரி செல்சியஸைத் தொடும்போது தூவவும்" என்று அட்டை சொல்லும். சிங்கப்பூர் மண் அந்தக் குளிரைக் கண்டதே இல்லை. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, சராசரியாக 171 மழை நாள்கள். களை விதைக்கு இங்கே ஓய்வுக்காலம் என்று ஒன்று கிடையாது. அதனால் அட்டையில் உள்ள அளவுக் கணக்கை அப்படியே மதிக்க வேண்டும், காலக் கணக்கைத் தூக்கி ஓரமாக வைக்க வேண்டும். ஆறு மாதம் காக்கும் என்று எழுதியிருந்தால் மூன்று மாதம் எதிர்பார்ப்பது நியாயம். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மருந்தை வேகமாகச் சிதைத்துவிடும்.

இந்த மருந்துகளால் ஆகாததை முதலில் சொல்லிவிடலாம், பாதி ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. முளைமுன் மருந்து விதையைக் கொல்லாது, வளர்ந்த செடியையும் கொல்லாது. விதை வெடித்து வேரோ குருத்தோ வெளியே நீளும்போது, மேல்மண்ணில் இருக்கும் மருந்துப் படலத்தில் பட்டு மடிகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. கேழ்வரகுக் கதிர் மாதிரி விரல் விரித்து நிற்கும் கூஸ் கிராஸ், கிராப் கிராஸ், அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி போன்று விதையால் பரவுபவைதான் இதன் இலக்கு. மண்ணுக்குள் கிழங்கு வைத்திருக்கும் கோரைக்கும், வேர்த்தண்டால் ஓடும் லாலாங்குக்கும், தண்டு முற்றிய தொட்டாற்சிணுங்கிக்கும் இது ஒன்றும் செய்யாது. அவற்றைக் கிளறி எடுத்த பிறகுதான் இந்தப் பேச்சே. கோரை நிறைந்த தரையில் முளைமுன் மருந்து போட்டால், போட்டியாக இருந்த மற்றக் களைகள் போய்க் கோரைக்கு இடம் தாராளமாகும்.

அடுத்து, உங்கள் தரையில் என்ன புல் இருக்கிறது என்று பாருங்கள். தரைவீடுகளிலும் சாலையோரங்களிலும் அதிகம் காண்பது அகலமான இலை கொண்ட கௌ கிராஸ். கொஞ்சம் செலவு செய்தவர்கள் வீட்டில் மெல்லிலை சோய்சியா. இரண்டும் ஓடுதண்டு விட்டு, கணுக்கணுவாக வேர்பிடித்துப் பரவுபவை. மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் இதைவிட முக்கியமான தகவல் வேறில்லை. காரணம் கீழே.

பெண்டிமெத்தாலின்

ஊரில் வெங்காயத்துக்கும் பருத்திக்கும் அடிக்கிற அதே சரக்கு. ஸ்டாம்ப் என்ற பெயரில் பலருக்கும் தெரியும். புதிதாக முளைக்கும் வேரில் உயிரணுப் பிரிவை நிறுத்திவிடும். நீரில் மிகக் குறைவாகவே கரையும், லிட்டருக்கு ஏறத்தாழ 0.3 மில்லிகிராம். மண்ணோடு ஒட்டிக்கொண்டால் சாதாரண மழை அதைக் கீழே இழுத்துப்போகாது. மழை ஊருக்கு இந்தக் குணம் பெரிய வரம்.

குறைகளும் உண்டு. வெயிலில் திறந்து கிடந்தால் ஒளியால் சிதையும், ஆவியாகவும் போகும். தெளித்துவிட்டு மூன்று நாள் தண்ணீர் காட்டாமல் விட்டால் கொடுத்த காசில் ஒரு பகுதி காற்றோடு போய்விட்டது என்று அர்த்தம். ஆரஞ்சு கலந்த மஞ்சள் கறை இன்னொரு தொல்லை. வெளிர்நிறக் கல் பதித்த நடைபாதையில் சொட்டினால் எளிதில் போகாது. கரைப்பானில் கரைத்து வரும் இசி (EC) வகைத் திரவத்தில் வாடையும் கறையும் அதிகம். நுண்ணுறையில் அடைத்த சிஎஸ் (CS) வகையில் இரண்டும் குறைவு, ஒளியையும் சற்றுத் தாங்கும். வீட்டுக்கு வாங்குவதானால் சிஎஸ் அல்லது குருணை. இசி வேண்டாம்.

அளவு: புல்தரைக்கு எக்டருக்கு 1.7 முதல் 3.4 கிலோ மூலப்பொருள் (களையைத் தடுக்கும் வேதிப்பொருள் மட்டும்) என்பது வழக்கமான வரம்பு. லிட்டருக்கு 330 கிராம் உள்ள திரவமென்றால் 100 சதுர மீட்டருக்குச் சுமார் 50 முதல் 100 மில்லிலிட்டர். இங்கே ஒரே தடவையில் உச்ச அளவைக் கொட்டுவதைவிடக் கீழ் அளவை இரண்டு தவணையாக, எட்டுப் பத்து வார இடைவெளியில் போடுவது மேல். 1.71 விழுக்காடு குருணையானால் சதுர மீட்டருக்கு 10 கிராம் அளவில் வரும். உங்கள் கையிலுள்ள புட்டியின் லேபிள் வேறு சொன்னால் லேபிள் சொல்வதே சரி.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்தோ ஜோகூரிலிருந்தோ விவசாயப் புட்டியை வாங்கிவரும் யோசனை வேண்டாம். அதன் லேபிளில் நெல், வெங்காயம் என்று இருக்கும், புல்தரை இருக்காது. எரியும் கரைப்பான் கொண்ட திரவம் விமானப் பெட்டியில் வைக்கும் பொருளும் அல்ல. இறக்குமதி, பதிவு பற்றிய சந்தேகத்தைத் தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்டுத் தெளிந்துகொண்டு, இங்கே முறையாக விற்கும் வணிகரிடம் வாங்குங்கள்.

கணு வேர்பிடித்துப் பரவும் புல் என்று மேலே சொன்னது இங்கேதான் உதவும். பெண்டிமெத்தாலின் களையின் வேரை மட்டும் தேடித் தடுப்பதில்லை. கௌ கிராஸின் ஓடுதண்டு புது மண்ணைத் தொட்டு வேர்விட முயன்றாலும் தடுக்கும். அடர்ந்த தரையில் இது தெரியாது. ஆங்காங்கே சொட்டையாக இருக்கும் தரையில் போட்டால் சொட்டை சொட்டையாகவே நிற்கும். மருந்தின் வீரியம் குறைந்ததும் அந்த வெற்றிடத்தில் முதலில் வருவது களைதான். புதிதாகப் புல்பலகை (மண்ணோடு வெட்டியெடுத்த புல்) பதித்த தரைக்குக் குறைந்தது மூன்று மாதம் இதைக் காட்டக் கூடாது.

புரோடியமின்

பெண்டிமெத்தாலினின் அண்ணன் என்று சொல்லலாம். பேரிகேட் என்ற பெயரில் புகழ்பெற்றது. அதே வேலைமுறை. கரைதிறன் இன்னும் குறைவு, லிட்டருக்கு 0.013 மில்லிகிராம். அதனால் நீண்ட நாள் நிற்கும். 65 விழுக்காடு மூலப்பொருள் கொண்ட, நீரில் கலையும் குருணையாக வந்தால் ஓர் ஆண்டில் மொத்தமாகப் போடக்கூடியது 100 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 26 கிராம். இரண்டு தவணையாகப் பிரித்தால் தடவைக்கு 13 கிராம். சமையலறைத் தராசில் இதை நிறுக்க முடியாது, நகைத் தராசு போல 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். "ஒரு ஸ்பூன் போடு" கணக்கு இதில் ஓடாது. அடர்ந்த சோய்சியா தரைக்கு நல்ல தேர்வு. அடிக்கடி பள்ளம் விழுந்து ஒட்டுப்போடும் தரைக்கு மோசமான தேர்வு.

ஆக்ஸாடியசான்

ரான்ஸ்டார் என்றால் கோல்ஃப் மைதானத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். இது வேரைத் தொடுவதில்லை. மண்ணின் மேற்பரப்பில் படிந்து, அதைத் துளைத்து வெளிவரும் குருத்தை ஒளிபட்டவுடன் கருக்குகிறது. அதனால் ஓடுதண்டு வேர்விடுவதற்கு இடைஞ்சல் இல்லை. கூஸ் கிராஸுக்கு இதைவிட நம்பகமான மருந்து குறைவு. புதிதாகப் பதித்த தரை, சொட்டை நிரம்ப வேண்டிய தரை இரண்டுக்கும் தொழில்முறைக்காரர்கள் முதலில் எடுப்பது இதைத்தான்.

2 விழுக்காடு குருணையாகச் சதுர மீட்டருக்கு 11 முதல் 22 கிராம், பொதுவாக 17. இலை காய்ந்திருக்கும்போதுதான் தூவ வேண்டும், தூவிய கையோடு தண்ணீர் காட்ட வேண்டும். கௌ கிராஸின் அகல இலையில் காலைப் பனி இருக்கும்போது தூவினால் குருணை ஒட்டிக்கொண்டு பொட்டுப் பொட்டாகக் கருகும். அமெரிக்காவில் இதன் லேபிள் வீட்டுப் புல்தரையில் போட அனுமதிப்பதில்லை. பூங்கா, மைதானம், கோல்ஃப் தரைகளுக்கு மட்டுமே. பிள்ளைகள் உருண்டு விளையாடும் முற்றத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். கொண்டோமினியத்தின் பெரிய வெளித்தரைக்கு, பயிற்சி பெற்றவர் கையால் என்றால் சரி.

மற்றவை, சுருக்கமாக

டிதியோபைர் இளம் கிராப் கிராஸை, கிளைவிடும் முன் வரை, முளைத்த பிறகும் பிடிக்கும். கொஞ்சம் தாமதமாக விழித்தவர்களுக்கு உதவும். ஐசாக்ஸபென் அகலிலைக் களைகளுக்கு மட்டும், புல்வகைக் களைக்கு அதிகம் எதிர்பார்க்காதீர்கள். எஸ்-மெட்டோலகுளோர் லிட்டருக்கு ஏறத்தாழ 480 மில்லிகிராம் கரையும். இங்கே பெய்யும் மழையில் அது எங்கே போகும் என்று யோசித்தாலே விடை கிடைத்துவிடும். இண்டசிஃப்ளம் எக்டருக்குச் சில பத்துக் கிராமில் வேலைசெய்யும் வீரியம் கொண்டது. ஒழுகிப் பூச்செடிப் பாத்திக்குள் போனால் அங்கேயும் வேலையைக் காட்டும். வீட்டுக்கு வேண்டாம்.

இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் டிரைஃப்ளூரலின் குருணை பூப்பாத்திக்கானது, புல்தரைக்கானது அல்ல. படத்தில் பச்சைப் புல் தெரிகிறது என்று வாங்கிவிடாதீர்கள். நர்சரி அலமாரியில் முன்வரிசையில் இருக்கும் கிளைஃபோசேட், குளுஃபோசினேட் புட்டிகள் முளைமுன் மருந்தே இல்லை. பட்ட இடத்தில் புல்லையும் சேர்த்தே கொல்லும்.

இயற்கை வழி என்று விற்கும் மக்காச்சோளப் பசைமாவுக்குச் சற்று நேரம் ஒதுக்க வேண்டும், கேட்பவர்கள் அதிகம். 1980களில் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது. முளைக்கும் விதையின் வேரைக் குன்றச்செய்யும், அதன்பின் மண் காய்ந்தால் நாற்று சாகும். அந்த "மண் காய்ந்தால்" என்ற நிபந்தனைதான் இங்கே உதைக்கிறது. மறுநாள் மழை வந்தால் குன்றிய நாற்று மீண்டும் வேர்விட்டு எழுந்துகொள்ளும். அளவும் கொஞ்சமல்ல, 100 சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ. அதில் ஒரு கிலோ அளவுக்குத் தழைச்சத்து இருப்பதால் தப்பிய களைக்கு விருந்து. எறும்பும் பூஞ்சையும் தனி. ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகச் சோதனையில் அது களையைக் கட்டுப்படுத்தவே இல்லை. நல்ல உரம், சிங்கப்பூருக்கு மோசமான களைத்தடுப்பு.

உரத்தோடு கலந்து வரும் இரட்டைப் பைகளும் நமக்குப் பொருந்தாது. உரம் இங்கே சிறு அளவில் அடிக்கடி வேண்டும், மருந்து எப்போதாவது வேண்டும். இரண்டையும் ஒரே பையில் கட்டினால் ஒன்று கூடும் அல்லது ஒன்று குறையும்.

எப்போது போடுவது

பிப்ரவரி இறுதி, அல்லது மார்ச் தொடக்கம். வடகிழக்குப் பருவத்தின் காய்ந்த பகுதி அது. வறட்சியில் புல் மெலிந்திருக்கும். அடுத்து வரும் பருவ இடைக்கால மழையில் விதைகள் ஒரே மூச்சில் முளைக்கும். அதற்கு முன் படலம் தயாராக இருக்க வேண்டும். ஆண்டின் இரண்டாம் சுற்று செப்டம்பர், ஆண்டிறுதி மழைக்கு முன். டிசம்பர், ஜனவரியில் தொடர்மழை கொட்டும்போது போடுவது வீண் மட்டுமல்ல, சாக்கடைக்குத் தானம்.

நாளுக்குள் நேரமும் முக்கியம். மார்ச் முதல் மே வரை இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். காலை எட்டு மணிக்குப் போட்டு ஒன்பதரைக்குள் தண்ணீர் காட்டிவிட்டால் மருந்து மண்ணைப் பிடித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சுமத்ரா காற்றோடு வரும் மழை விடியலுக்கு முன்னும் காலையிலும் தாக்கும். அது கடந்த பிறகு, இலை காய்ந்ததும் போடுங்கள். மைஎன்வி செயலியில் மழை ரேடாரைப் பார்க்காமல் டேங்கைத் திறக்காதீர்கள்.

போடும் முறை

இரண்டு நாள் முன்பே புல்லை வெட்டி, வெட்டியதை அள்ளி எடுங்கள். சோய்சியாவில் அடியில் பஞ்சு மாதிரி சருகுப் படலம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் வாரி எடுத்த பிறகே மருந்து. இல்லாவிட்டால் பெண்டிமெத்தாலின் சருகிலேயே ஒட்டிக்கொண்டு மண்ணை எட்டாது. மண்ணில் துளையிடும் வேலை, மணல் தூவும் வேலை எல்லாம் முன்னாலேயே முடிய வேண்டும்.

பரப்பை நாடா வைத்து அளந்துகொள்ளுங்கள். வீட்டுப் பத்திரத்தில் உள்ள நிலப்பரப்பு புல்தரைப் பரப்பு அல்ல.

திரவமானால் ஸ்பிரேயரைச் சோதிக்க வேண்டும். 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் போட்டு, வெறும் தண்ணீரை வழக்கமான நடையில் அடித்து, எவ்வளவு செலவானது என்று பாருங்கள். 1.2 லிட்டர் செலவானால் 100 சதுர மீட்டருக்கு 4.8 லிட்டர். 60 சதுர மீட்டர் தரைக்கு 2.9 லிட்டர் தண்ணீர், அதில் 30 மில்லிலிட்டர் மருந்து. 16 லிட்டர் டேங்கை நிரப்பிவிட்டு மீதியை எங்கே கொட்டுவது என்று நிற்கும் நிலை இந்தச் சின்னக் கணக்கால் வராது. நாசில் தட்டை விசிறி வகையாக இருக்கட்டும். கூம்பு நாசில் நடுவில் ஒரு அளவும் ஓரத்தில் ஒரு அளவும் போடும். அளவைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைக் கிழக்கு மேற்காகவும் மறு பாதியை வடக்கு தெற்காகவும் அடித்தால் கோடு கோடாகக் களை முளைக்கும் கோமாளித்தனம் நடக்காது. குருணையைத் தூவுவதற்கும் இதே விதி. நீரில் கலையும் குருணையை முதலில் குவளையில் கூழாகக் கரைத்து, வடிகட்டி, பிறகு டேங்கில் ஊற்றுங்கள். அடிக்கடி குலுக்குங்கள்.

பிறகு 12 மில்லிமீட்டர் தண்ணீர். நான்கைந்து காலி டின்பால் டப்பாக்களைத் தரையில் வைத்து, அடியில் 1.2 சென்டிமீட்டர் நிரம்பும் வரை தெளியுங்கள். 100 சதுர மீட்டருக்கு 1,200 லிட்டர் ஆகும். பிற்பகலில் மழை வரும்போல இருந்தால் முதலில் பாதி அளவு காட்டினால் போதும், மீதியை வானம் பார்த்துக்கொள்ளும். சரிவான தரையில் ஒரே மூச்சில் ஊற்றாமல், ஊறவிட்டு ஊறவிட்டுக் காட்ட வேண்டும். தரை முழுதும் காயும் வரை பிள்ளைகளும் நாயும் இறங்க வேண்டாம்.

நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முழுக்கை, பூட்ஸ் கட்டாயம். நடைபாதையில் சிதறிய குருணையைப் பெருக்கித் தரைக்கே தள்ளுங்கள், குழாயால் அடித்துச் சாக்கடைக்கு அனுப்பாதீர்கள். இந்தத் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. வாசல் சாக்கடை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. பெண்டிமெத்தாலின் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. கோய் மீன் குளம் உள்ள வீட்டில் குளத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்கு மருந்தே வேண்டாம், குளம் பள்ளத்தில் இருந்தால் இன்னும் அதிக இடைவெளி விடுங்கள். புட்டியை மூன்று முறை அலசி, அலசிய நீரையும் டேங்கில் சேர்த்துத் தரையிலேயே அடித்து முடிக்க வேண்டும்.

கௌ கிராஸ்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு லேபிள்களின் புல் பட்டியலில் சோய்சியாவும் பெர்முடாவும் இருக்கும், கௌ கிராஸ் பெரும்பாலும் இருக்காது. ஒரு சதுர மீட்டரில் போட்டு ஆறு வாரம் கவனியுங்கள். இலை மஞ்சளாவதைவிட, ஓடுதண்டைத் தூக்கிப் பார்த்தால் கணுவில் வேர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சுமார் 50 சதுர மீட்டருக்குக் குறைந்த கௌ கிராஸ் தரைக்கு மருந்தே தேவையில்லை என்பது எங்கள் எண்ணம். 4, 5 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டி நிழல் கட்டினாலே பாதி விதை முளைக்காது, மீதியைப் பூக்கும் முன் பிடுங்கிவிடலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் கூஸ் கிராஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தால் மருந்தை மாற்றுங்கள், அளவைக் கூட்டாதீர்கள். பெண்டிமெத்தாலின் குடும்பத்துக்கு அசையாத கூஸ் கிராஸ் அமெரிக்காவில் 1970களிலேயே கண்டறியப்பட்டது. கிளைஃபோசேட்டை எதிர்க்கும் கூஸ் கிராஸ் பக்கத்து மலேசியாவிலேயே 1997இல் பதிவானது. புரோடியமினும் பெண்டிமெத்தாலினும் ஒரே குடும்பம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது மாற்றமே அல்ல.

வெட்டும் வேலையைக் குத்தகைக்கு விட்டவர்கள், "மருந்து அடிச்சாச்சு" என்ற பதிலோடு திருப்தியடைய வேண்டாம். மூலப்பொருளின் பெயர் என்ன, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், தண்ணீர் எப்போது காட்டினீர்கள் என்று கேளுங்கள். வெட்டும் இயந்திரத்தின் அடிப்பாகத்தை அடுத்த வீட்டிலிருந்து வரும்போது சுத்தம் செய்தார்களா என்றும் கேளுங்கள், விதை வரும் பெரிய வழி அது. பதில்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவைப்பது கொண்டோமினிய நிர்வாகக் குழுவுக்கு இன்னும் அவசியம். ஆண்டு நடுவில் குத்தகையாளர் மாறி, முந்தையவர் போட்டது தெரியாமல் புதியவரும் புரோடியமின் போட்டால் ஆண்டு உச்சவரம்பு தாண்டிவிடும். அடுத்த மழையில் வேர் குட்டையான புல் பாய்போல உரிந்து வரும். அப்போது செய்யக்கூடியது, மருந்தின் வீரியம் குறையும் வரை சில மாதம் காத்திருந்து, மேல்மண்ணை மாற்றிப் புதுப் பலகை பதிப்பது மட்டுமே.